சி.எஸ்.ஆர். நிதியில் பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணூர், மணலி, மீஞ்சூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியிலிருந்து, சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர் நலனுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்று ஆண்டுதோறும் செய்து வரும் செலவைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். நான் இந்தப் பகுதியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடலோரக் குப்பங்களின் பிள்ளைகளுக்கு இன்றும் காலை வேளைகளில் பயிற்சி கொடுத்து வருகிறேன். நிறுவனங்கள் பணமே தருவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தருகிற பணம் பெரும்பாலும் பொருள் வாங்குவதிலேயே முடிந்துவிடுகிறது, அந்தப் பொருளை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு நாள்தோறும் நிற்கக்கூடிய ஓர் ஆளுக்குச் சம்பளமாக அது போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் குறை. சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை, வழக்கம்தான் நிற்கிறது.

இந்த நிதி எங்கிருந்து வருகிறது என்பது இங்குள்ள பலருக்கு இன்னும் தெளிவாகத் தெரியாது. இதை நிறுவனங்களின் தருமம் என்றே நம் மக்கள் நினைக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்று அளவுகளில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று அது சொல்கிறது. எந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வரையறுக்கிறது. நோய்த் தடுப்பு உள்ளிட்ட சுகாதாரம், விளையாட்டுப் பயிற்சி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டுதலே தவிரக் கட்டாயம் அல்ல என்று மத்திய அரசு பின்னர் விளக்கம் அளித்துவிட்டது. ஆகவே மணலியில் புகைபோக்கி வைத்திருக்கும் ஒரு நிறுவனம், தன் நிதியை வேறொரு மாநிலத்தில் செலவிட்டாலும் சட்டப்படி அதில் பிழை காண முடியாது. உள்ளூரில் செலவிட முன்வரும் நிறுவனங்களை அதனால்தான் நான் மதிக்கிறேன். அந்த மதிப்போடுதான் மற்றவற்றையும் சொல்கிறேன்.

மணலியும் எண்ணூரும் எப்படிப்பட்ட இடங்கள் என்பதைத் தென்சென்னையில் வசிக்கும் வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. 1960-களின் இறுதியில் மணலிக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதைத் தொடர்ந்து உரம், ரசாயனம் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. 1970-இல் எண்ணூர் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அது 2017-இல் மூடப்பட்டுவிட்டாலும், கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைச் சுற்றி வேறு மின்நிலையங்கள் எழும்பி இயங்கிக்கொண்டிருக்கின்றன. 2001-இல் துறைமுகமும் திறக்கப்பட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாடு முழுவதும் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, அவற்றில் 43 இடங்களைக் கடுமையாக மாசுபட்டவை என்று அறிவித்தபோது, தமிழ்நாட்டில் வேலூர், கடலூர், கோவை ஆகியவற்றோடு மணலியும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கழிமுகம் முழுவதும் படர்ந்ததையும், மீனவர்கள் படகில் போய்க் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளியதையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், கடலுக்கு அடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தவித்த தாய்மார்கள், இன்றும் இரவில் ஏதாவது நெடி வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் இளைஞர் நலன் ஒரு திட்டமாகவும் சுற்றுச்சூழல் வேறொரு திட்டமாகவும் தனித்தனிக் கோப்புகளில் இருப்பதே முதல் தவறு என்று கருதுகிறேன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு காலத்தில் கழிமுகம்தான் விளையாட்டுத் திடல். நீச்சல், துடுப்பு, வலை, ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பது எல்லாமே அங்கேதான் பழகின. உடம்பு உரமானதும், பெரியவர்களோடு சேர்ந்து ஒரு வேலை கற்றுக்கொண்டோம் என்ற பெருமிதம் வந்ததும் அங்கேதான். இன்று அதே இடத்தில் இறங்கினால் கால் சாம்பல் சேற்றில் புதைகிறது. காக்கா ஆழி என்று எங்கள் மீனவர்கள் அழைக்கும், வெளியிடத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிப்பியினம் ஆற்றுப் படுகையைப் பாய் விரித்ததுபோல மூடிக்கொண்டு, இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. தகப்பன் தொழிலுக்குப் போக வழியில்லாத பையன் எந்த ஆலையின் குழாய் தன் ஆற்றில் முடிகிறதோ அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்கிறான், அல்லது காசிமேட்டு விசைப்படகுகளில் ஆள் கணக்கில் ஏறுகிறான், அல்லது இரண்டும் இல்லாமல் மூலையில் உட்காருகிறான். அப்படி உட்காருகிறவனைத் தேடிக் கஞ்சாவும், போதைக்காக விற்கப்படும் வலி மாத்திரையும் வந்து சேர்கின்றன. காவல்துறை அவனைப் பிடிப்பதற்கு முன்னால் வேறு யாராவது ஒருவர் அவனைக் கவனித்திருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

இனி, பணம் எப்படிச் செலவாகிறது என்பதற்கு வருகிறேன். எங்கள் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் ஒரு நிறுவனம் திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடம் அமைத்துக் கொடுத்தது. நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். திறப்பு விழா அன்று பிள்ளைகள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நானும் பார்த்தேன். உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. முதலில் மிதிகட்டைகளின் தாங்குருளை (பேரிங்) இறுகியது. பிறகு கைப்பிடியின் உறை கழன்று, உள்ளே இருந்த குழாய் துருவேறிச் செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. ஒரு பெண் குழந்தைக்கு உள்ளங்கையில் கிழித்த பிறகு, பெற்றோர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பிள்ளைகளைத் தடுத்துவிட்டார்கள். எண்ணெய் விடவும், ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் பூசவும், உடைந்ததைக் கழற்றவும் அந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை. மாநகராட்சியிடம் கேட்டால் தங்களிடம் ஒப்படைக்கவில்லை என்றார்கள்; நிறுவனத்திடம் கேட்டால் அந்த நிதியாண்டின் கணக்கு முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டு பதிலுமே உண்மைதான். ஆனாலும் கருவிகள் அப்படியே நிற்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். வேறொரு நிறுவனம், எந்தப் பெரிய விழாவும் இல்லாமல், பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் பயிற்றுநரை அமர்த்தியது. மாலையில் வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் புதுச் சீருடையோ விரிப்போ அல்ல. சொல்லிக்கொடுப்பவர் ஒரு பெண், அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அம்மாக்களிடம் பேசியிருந்தார், பயிற்சி முடிந்ததும் தெருமுனை வரை உடன் வந்து விட்டார் என்பதுதான். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது, எந்தப் பிள்ளைக்கு மாதவிடாய் நாட்களில் வலி அதிகம், எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தவிருந்த ஒரு பெண்ணின் வீட்டில் பேசி மீண்டும் பள்ளிக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான். நிதியாண்டு மாறியபோது அந்த நிறுவனத்தின் முன்னுரிமை வேறொன்றுக்குப் போய்விட்டது. பயிற்றுநர் வேறு வேலைக்குப் போனார். பிள்ளைகள் சில வாரங்கள் தாங்களாகவே வந்துவிட்டுப் பிறகு நின்றுவிட்டார்கள். கூடத்துக்கு ஆன செலவில் அவருக்கு எத்தனையோ ஆண்டுகள் சம்பளம் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை இன்றுவரை விடவில்லை.

பயிற்றுநர் என்று நான் சொல்வது பதக்கம் வாங்கித் தருகிறவரை மட்டும் அல்ல. வடசென்னைக்குப் பதக்கங்கள் புதிதல்ல. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்படி உயரத்துக்குப் போகிறவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் தங்கள் உடம்பு தங்கள் சொல் கேட்கும் இடம் ஒன்று வேண்டும். தங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்கிற ஒருவர் வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அந்தச் சேவை 2022 முதல் இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை எங்கள் பயிற்சித் திடலின் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் தூக்கம் வராமல் தவிக்கும் பதினேழு வயதுப் பையன் அந்த எண்ணைத் தானாக அழைப்பதில்லை. திடலில் தனக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நானே போட்டுத் தருகிறேன், நீ பேசு என்று சொன்னால்தான் பேசுகிறான். அப்படி உட்காருகிற ஆளுக்கு இந்த நிதியில் ஏன் இடம் இல்லை என்பதே என் கேள்வி.

சுற்றுச்சூழல் பெயரில் நடப்பதும் இதே கதைதான். ஜூன் 5 வந்தால் மரக்கன்று நடுகிறார்கள். நட்டவர்கள் போன பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. வேகமாக வளரும், பச்சையாகத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகப் பல இடங்களில் கோனோகார்பஸ் மரத்தை நட்டு வந்தார்கள்; அதனால் வரும் கேடுகளைக் கருதி, அதை நடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் தடை விதித்தது. முன்பே உள்ளூரில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் பூவரசும் புங்கையும் நட்டிருக்கலாம். மஞ்சப்பை இயக்கத்துக்குத் துணையாகத் துணிப்பைகளும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், ஆனால் கழிமுகத்தின் நோய்க்கு அது மருந்து ஆகாது.

கழிமுகத்துக்கு வேண்டியது கண்டல் காடு, அதாவது அலையாத்திக் காடு. எங்கள் பக்கத்தில் இயற்கையாக நிற்பது பெரும்பாலும் வெண்கண்டல். அதை வளர்ப்பது சாலையோரம் குழி தோண்டிக் கன்று வைப்பது போன்றது அல்ல. கடல் ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து, வற்றும்போது வெளியே போக வேண்டும். ஓதம் வந்து போகாத இடத்தில் கன்றை மட்டும் நட்டால், தண்ணீர் தேங்கி உப்பு ஏறிக் கருகிப்போகும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அழிந்துபோன காட்டை மீட்டவர்கள், மீனின் முள்ளைப் போல நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களும் வெட்டி, ஓதத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவந்த பிறகே கன்று வளர்ந்தது. அந்த வாய்க்கால்களில் வண்டல் படியும். ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். கன்றுகளில் சிக்கும் நெகிழிப் பைகளையும் அறுந்த வலைத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவையெல்லாம் உள்ளூர் ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலைகள். ஓதம் எப்போது ஏறும் என்று நாள்காட்டி பார்க்காமல் சொல்லக்கூடிய பெரியவர்கள் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இன்னும் இருக்கிறார்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படுகையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். அவர்களை ஆசிரியர்களாக வைத்து, வேலையில்லாத இருபது இளைஞர்களுக்கு மூன்று ஆண்டு ஊதியம் கொடுத்தால், காடும் எழும். அந்த இளைஞர்களுக்கு ஆறும் திரும்பக் கிடைக்கும். இளைஞர் நலன், சுற்றுச்சூழல் என்று இரண்டு தலைப்புகளில் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் தொகையை ஒன்றாகச் சேர்த்தாலே இதற்குப் போதும் என்று நம்புகிறேன்.

சமூகப் பொறுப்புப் பிரிவு அதிகாரிகளிடம் இதைச் சொன்னால், விதிகள் இடம் தராது என்கிறார்கள். விதிகளை நான் தமிழாக்கியும் ஆங்கிலத்திலும் படித்துப் பார்த்தேன். தெரிந்தவர்களிடம் விளக்கமும் கேட்டேன். 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஒரு பணியைத் தொடர் திட்டமாக அறிவிக்கலாம். தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் அதை நடத்தலாம். அந்த ஆண்டில் செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்து அதே பணிக்குப் பயன்படுத்த வழி இருக்கிறது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டைத்தான் சம்பளத்துக்குத் தடையாகக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டுப்பாடு நிறுவனத்தின் பொது நிர்வாகத்துக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தைச் செயல்படுத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. கபடி சொல்லிக்கொடுப்பவரின் சம்பளம், கபடித் திட்டத்தின் செலவு; நிர்வாகச் செலவு அல்ல. உருவாகும் சொத்தைப் பயனாளிகளின் சுயஉதவிக் குழு பெயரிலோ அரசு அமைப்பின் பெயரிலோ வைக்கலாம் என்றும் விதி இருக்கிறது. அதைப் பின்பற்றியிருந்தால், எங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே எழுந்திருக்காது.

உண்மையான தடை ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நிதியைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்பு பதிவு செய்த அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, லாப நோக்கற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் கீழ் உரிய பதிவுகள் வேண்டும். மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். குப்பத்து இளைஞர் நற்பணி மன்றத்துக்கோ மீனவர் பஞ்சாயத்துக்கோ இவை எதுவும் கிடையாது. அதனால் பணம் நகரத்தின் வேறு முனையில் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய தொண்டு நிறுவனங்களுக்குப் போகிறது. அவர்கள் நேர்மையாகவே வேலை செய்தாலும், ஊர் அவர்களுக்குப் புதிது. திட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். மத்திய, மாநில அரசுகள் அமைக்கும் அறக்கட்டளைகளுக்கு மூன்று ஆண்டு அனுபவம் என்ற நிபந்தனை பொருந்தாது. எனவே வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு இவ்வளவு முயற்சி எடுக்கும் மாநில அரசு, மணலி–எண்ணூர் பகுதிக்கென ஓர் அறக்கட்டளையை அமைத்து, நிறுவனங்களின் நிதியை அதில் பெற்று, சம்பளத்தையும் கணக்கையும் மட்டும் அது பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். ஆளைத் தேர்ந்தெடுப்பதும் வேலையைக் கவனிப்பதும் அந்தந்த ஊரிடமே இருக்க வேண்டும். எண்ணூரும் மணலியும் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன. கழிமுகத்தின் வடகரையான அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆறு ஒன்றுதான் என்பதால் இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் இதில் சேர்ந்தே அமர வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனங்களின் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒப்புதல் வாங்கிப் பணம் கைக்கு வரும்போது மழைக்காலம் வந்துவிடுகிறது. பிறகு மார்ச் 31-க்குள் செலவைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் போட்டிகளும் முகாம்களும் வரிசையாக நடக்கின்றன. பிள்ளைகளுக்கு அப்போதுதான் பொதுத்தேர்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை. இளைஞர்கள் கையில் வேலை இல்லாமல் இருக்கும் அந்த இரண்டு மாதங்களில் எந்த நிறுவனத்தின் நிகழ்ச்சியும் இங்கே நடந்து நான் பார்த்ததில்லை. தொடர் திட்டமாக இருந்தால் இந்தச் சிக்கல் தானாகத் தீரும்.

எங்கள் ஊரிலேயே சிலர் இந்த நிதியைத் தொடவே கூடாது என்கிறார்கள். ஆற்றைக் கெடுத்தவர்களிடம் பந்தும் வலையும் வாங்கிக்கொண்டால் நம் வாய் அடைபட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். அந்தக் கோபம் நியாயமானது. அவர்கள் இழந்ததை நான் அருகிலிருந்து பார்த்தவன். இருந்தாலும் நான் அவர்களோடு முழுமையாக உடன்படவில்லை. 135-ஆவது பிரிவின் நிதி வேறு, மாசுபடுத்தியதற்கான இழப்பீடு வேறு. மாசுபடுத்துகிறவரே அதைச் சீர்செய்யும் செலவையும் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பையும் ஏற்க வேண்டும் என்ற நெறியை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்த நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதியாகவே அறிவித்திருக்கிறது. புகைபோக்கியில் வடிகட்டி வைப்பதும், கழிவுநீரைச் சுத்திகரிப்பதும், கசிந்த எண்ணெயை அள்ளுவதும், பிழைப்பை இழந்தவருக்கு ஈடு கொடுப்பதும் நிறுவனத்தின் கடமை. அவற்றில் எதையும் சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்டக் கூடாது; நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கைகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. அதேபோல, நிதி பெறும் சங்கமோ பயிற்றுநரோ, ஆலை விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசினார் என்பதற்காக நிதி நிறுத்தப்படாது என்ற ஒரு வரியை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுத்தில் சேர்க்க வேண்டும். அந்த வரியை எழுத மறுக்கும் நிறுவனத்தின் பணத்தை வாங்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

அதிகாரிகள் பக்கத்தில் இருக்கும் ஒரு நெருக்கடியையும் புரிந்துகொள்கிறேன். இயக்குநர் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டியவர்களுக்குக் கட்டடமும் கருவியும் படம் எடுத்துக் காட்ட வசதியானவை. ஒரு பையன் இந்த ஆண்டு போதைப் பழக்கத்துக்குப் போகவில்லை என்பதைப் படம் எடுக்க முடியாது. ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இந்தச் செலவு செய்யக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஆன திட்டங்களுக்கு வெளியாரைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மதிப்பீட்டில் எத்தனை கருவிகள், எத்தனை கன்றுகள் என்று கேட்பதோடு, மூன்றாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள், நட்டதில் எத்தனை கண்டல் உயிரோடு நிற்கிறது, பயிற்றுநர் எத்தனை முறை மாறினார் என்று கேட்டால், அதிகாரிகளுக்கும் அறிக்கையில் எழுத வேறு செய்தி கிடைக்கும். சிறிய நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், ஊராரே ஆண்டுக்கு ஒருமுறை கூடி இந்த மூன்றையும் எண்ணிச் சொல்லிவிட முடியும்.

அதற்கு இடமும் இருக்கிறது. மாநகராட்சி வார்டுகளில், பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைப் பேசும் பகுதி சபைகள் 2022 முதல் கூட்டப்படுகின்றன. இப்போது அவற்றில் தெருவிளக்கும் சாக்கடையும் மட்டுமே பேசப்படுகின்றன. திருவொற்றியூர், மணலி மண்டலங்களின் பகுதி சபைகளில், எந்த நிறுவனம் எந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்ற பட்டியலை வாசிக்கச் செய்ய வேண்டும்; வரும் ஆண்டுக்கு என்ன வேண்டும் என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மீனவர் பஞ்சாயத்துகளில் பெண்களும் இளைஞர்களும் பேசுவது குறைவு என்பதால், அவர்கள் கருத்தைக் கேட்கத் தனியாக ஒரு மாலை ஒதுக்க வேண்டும். எங்கள் கபடிப் பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். மிதிவண்டி, மடிக்கணினி என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். பூட்டக்கூடிய ஒரு கழிப்பறை, மாலை ஏழு மணி வரை எரியும் ஒரு விளக்கு, பழைய பயிற்றுநர் அக்கா ஆகிய மூன்றைத்தான் கேட்டார்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சமூகப் பொறுப்புக் குழுவில் யார் இருக்கிறார்கள், எந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அவை ஆங்கிலத்தில், ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் கிடக்கின்றன. மணலி, எண்ணூர், மீஞ்சூர் வட்டாரத்தில் இயங்கும் நிறுவனங்களின் பட்டியலை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் கடந்த ஆண்டு இந்த ஊர்களில் செலவிட்ட தொகை எவ்வளவு, வெளியூர்களில் செலவிட்டது எவ்வளவு, அதில் ஆட்களின் ஊதியத்துக்குப் போனது எவ்வளவு என்று தமிழில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். நிறுவனங்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தை ஏப்ரல், மே மாதங்களில் முடிவு செய்வதால், மார்ச் மாதத்திலேயே அது வந்தால் எங்கள் பகுதி சபைக்கு எடுத்துப் போக வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
எண்ணூர், சென்னை.